அரைபட்ட மருந்தின் இரண்டாம் உருவம்

என் மருமகள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. விடுமுறை நாளில் உள்ளே யாரும் தனியாக இருக்கக் கூடாது. இரண்டாவது ஆள் ஒருவர் கண்ணெதிரில் இருக்க வேண்டும். அவர் எதையும் தொடக் கூடாது, தூங்கவும் கூடாது. அந்த இரண்டாவது ஆளாகத்தான் போன மழைக்காலம் முழுக்க ஞாயிறு தோறும் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். சம்பளம் கிடையாது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ள நான் எந்த வேலைக்கும் போனதில்லை.

மன்னார்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். படிகம் என்றால் உப்பு, சர்க்கரை, மயில்துத்தம் என்று மூன்று உதாரணம் சொல்வேன், கரும்பலகையில் ஒரு பெட்டி வரைவேன், மணி அடித்துவிடும். மாத்திரைக்குள் இருப்பதும் பெரும்பாலும் படிகம்தான், அதை அரைத்தால் அதற்கு என்னென்னவோ நேரும் என்பதெல்லாம் எழுபத்து மூன்றாம் வயதில் மருமகள் வாயால்தான் எனக்குத் தெரிய வந்தது.

என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். ஆண்டில் பாதி நாள் கடலில். மருமகள் மருந்தியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவள் கையில் எடுத்தது வீக்கம் குறைக்கும் ஒரு பழைய மருந்து. தண்ணீரில் லேசில் கரையாது. வயிற்றுக்குள் போனாலும் பாதி கரையாமலே வெளியேறிவிடும். நன்றாக அரைத்து நைசாக்கினால் சீக்கிரம் கரையும். இதுவரை எனக்குச் சிரமமில்லாமல் புரிந்தது. அடுத்து அவள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அரைக்கும்போது துண்டு சிறிதாவது மட்டும் நடப்பதில்லையாம். துண்டுக்குள் மூலக்கூறுகள் நிற்கும் வரிசையே குலைந்துபோகிறதாம். குலைந்தது குலைந்தபடி இருக்கலாம். இல்லையென்றால் வேறொரு வரிசையில் போய் நின்றுகொள்ளலாம். மருந்து அதே மருந்து. ஒரு அணு கூடவில்லை, ஒரு அணு குறையவில்லை. ஆனால் உருகும் சூடு வேறு, கரையும் வேகம் வேறு.

"அது வரிசையில நிக்குதா, குலைஞ்சு கிடக்குதான்னு எப்படிம்மா தெரியும்? கண்ணால பாத்தா எல்லாம் வெள்ளைப் பொடிதானே?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த வயலைப் பாருங்க மாமா. மெஷின் நடவு. பஸ் போகப் போக ஒரு இடத்துல பயிருக்கு நடுவுல சந்து சந்தா திறக்குது பாருங்க. அப்புறம் மூடிக்குது. மறுபடி வேற கோணத்துல திறக்குது."

"ஆமா, திறக்குது."

"இப்ப இந்தப் பக்கம் பாருங்க. இது நடாம விதையை வீசித் தெளிச்சது. எங்கயாவது சந்து தெரியுதா?"

தெரியவில்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே பச்சை.

"எக்ஸ்ரே மெஷின் அதைத்தான் பாக்குது. உள்ள வரிசை இருந்தா குறிப்பிட்ட கோணங்கள்ல ஊசி ஊசியா எழும்பும். எந்தக் கோணத்துல எழும்புதுங்கிறதை வெச்சு எந்த வரிசைன்னு சொல்லிடலாம். வரிசையே இல்லைன்னா ஊசி வராது. பாய்க்குள்ள தலையணை வெச்சாப்பல ஒரே மேடுதான்."

அன்றிலிருந்து அந்தச் சாலையில் நான் வயலைச் சும்மா பார்த்ததில்லை. எத்தனை கோணத்தில் சந்து திறக்கிறது என்று எண்ணிக்கொண்டே போவேன். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் காட்டியிருக்கிறேன். ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மருமகளின் ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயம். ஐந்தாவதுதான் உயிர். அவள் அரைக்கும் முறையில், அந்த மருந்து தன் முதல் உருவத்திலிருந்து இரண்டாம் உருவத்துக்கு மாறிவிடுகிறது. இரண்டாம் உருவம் நன்றாகக் கரையும், மாதக்கணக்கில் நிலைத்தும் நிற்கும். கரைப்பான் வேண்டாம், காய்ச்ச வேண்டாம், அரைத்தாலே போதும் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. அவளுடைய கைடு கறாரான மனிதர். "வேற ஒரு லேப்ல திரும்பப் பண்ணிக் காட்டினாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லி, வடக்கே ஒரு நகரத்து ஆய்வகத்துக்கு முறையை அனுப்பச் சொன்னார். அவர்கள் அதே மருந்தை, அதே மாதிரி அரைவை இயந்திரத்தில், அதே நேரம் அரைத்தார்கள். மேடுதான் வந்தது. மூன்று முறை அரைத்து மூன்று முறையும் மேடு.

அதற்கப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது. பாட்டில் மாற்றி எடுத்திருப்பாள், வேறு சாம்பிள் கலந்திருக்கும், வேண்டுமென்றே செய்ததாகக்கூட இருக்கலாம் என்று அங்கிருந்து ஒரு பெரியவர் கைடுக்கு எழுதிவிட்டார். கைடு அதை அவளிடம் படித்துக் காட்டினார். திட்டவில்லை. "தைக்குள்ள உன் பதிவுக் காலம் முடியுது. அதுக்குள்ள விளக்கம் கிடைக்கலைன்னா அஞ்சாவதை எடுத்துடும்மா" என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டால் மிச்சம் நாலு அத்தியாயமும் மாடி இல்லாத வீட்டுக்குப் போட்ட படிக்கட்டு. பட்டம் போனாலும் பரவாயில்லை, ஏமாற்றினாள் என்று ஒருவர் நினைத்துவிட்டாரே என்றுதான் அவள் இரண்டு நாள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள்.

எனக்குக் கேட்கவா வேண்டும்? சாதாரணமாகவே நான் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்கிற ஆள். அந்த அரைவைக் குடுவை எஃகினால் ஆனது, ஒரு பெரிய மாதுளம்பழம் அளவு இருக்கும். உள்ளே மருந்தையும் எஃகுக் குண்டுகளையும் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, இயந்திரத்தில் பூட்டினால் அது தன்னையும் சுற்றிக்கொண்டு வட்டமும் அடிக்கும். அவள் குண்டுகளைக் கழுவிக் காயவைக்கும்போதெல்லாம் நான் தூரத்திலிருந்து எண்ணினேன். பன்னிரண்டு. ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டு.

"அவங்ககிட்டயும் பன்னெண்டுதானான்னு கேட்டியாம்மா?"

"கேட்டாச்சு மாமா."

"நம்ம ஊர் கரண்டு ஒரு சீரா வராதே. வோல்டேஜ் இறங்கினா சுத்துறது குறையுமே?"

"இது வயக்காட்டு மோட்டார் இல்ல மாமா. வோல்டேஜ் இறங்கினா அதுவே நின்னுடும்."

"குண்டு தேஞ்சிருந்தா? இரும்புத் தூள் மருந்துல கலந்திருந்தா?"

"அதையும் பாத்தாச்சு."

"கழுவுற சோப்பு?"

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "கூட இருக்கறவர் வாயைத் திறக்கக் கூடாதுன்னும் ஒரு விதி போடச் சொல்றேன் மாமா."

அந்த வடக்கத்தி ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்தவன் ஒரு தமிழ்ப் பையன். பையன் என்றால் முப்பது வயதிருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். நல்லவன். "அக்கா, நீங்க ஏமாத்தலைன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை வீடியோ கால்ல மொத்தத்தையும் காட்டுங்க, நான் பாக்கறேன்" என்று அவனே கேட்டான். கார்த்திகை மாதத்து ஞாயிறு. காலையிலிருந்து விடாத தூறல். மருமகள் கையில் வேலை இருந்ததால் போனைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அவள் மருந்தை எடை போட்டாள். காட்டினேன். குண்டுகளைப் போட்டாள். அவன் அங்கே எண்ணினான், நான் இங்கே எண்ணினேன். மூடி. பூட்டு. இயந்திரம் கடகடவென்று பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் யாரோ கூழாங்கல் கொட்டுகிற மாதிரி சத்தம். அரை மணி நேரம் அவனும் போகவில்லை, நாங்களும் நகரவில்லை. நின்றதும் துணி சுற்றிக் குடுவையை எடுத்தாள். தொட முடியாத சூடு. மூடியைத் திறந்து, சல்லடையில் குண்டுகளை நிறுத்திவிட்டு, தூளை ஒரு பட்டர் பேப்பரில் தட்டினாள். அட்டைத் துண்டால் மெல்லிசாகப் பரப்பி, ஜன்னல் ஓரத்து மேஜையில் வைத்தாள். பிறகு குடுவையைக் கழுவப் போனாள்.

"அக்கா, நில்லுங்க, நில்லுங்க!" போன் என் கையில் கத்தியது. "என்ன பண்ணீங்க இப்ப?"

"எப்ப?" என்றாள் குழாயடியிலிருந்து.

"தூளை ஏன் வெளிய கொட்டினீங்க?"

"சூடா இருக்குப்பா. ஆறட்டும்."

"இது முறையில இல்லையே!"

"எதுப்பா?"

"இது! இப்படிப் பரப்பி வைக்கறது! அரைச்சதும் பாட்டில்ல போட்டு மூடணும்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா. ஆறினதும் போட்டு மூடுவேன்."

"நான் சூடாவே போட்டு மூடிட்டேன் அக்கா. மூணு தடவையும்."

"சூடாவா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "சூடா போட்டு மூடினா வியர்த்துப் போயிடாதா தம்பி? மாவு கட்டி தட்டிடுமே?"

"எந்த மாவு அங்கிள்?"

அவனுக்கு எப்படித் தெரியும்? பாக்கெட் மாவில் வளர்ந்த பிள்ளை. இங்கே மாவு மில்லில் அரைத்து வாங்கும் மாவு கையைச் சுடும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடிக்கு உள்பக்கம் நீர் கோத்து, நாலு நாளில் புழு வைக்கும். வீட்டுக்கு வந்ததும் தாளை விரித்து, பரப்பி, ஆறவிட்டுத்தான் அடைப்போம். மிளகாய்த் தூளானாலும் அப்படித்தான், கோதுமையானாலும் அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்வது. இவளும் அப்படித்தான் செய்திருக்கிறாள், தினமும். முறையை எழுதும்போது குண்டின் விட்டத்தை எழுதினாள், சுற்றின் வேகத்தை எழுதினாள், மருந்தின் எடையைத் தசம இடம் விடாமல் எழுதினாள். இதை எழுதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனேன் என்று யாராவது எழுதுவார்களா? நான் மட்டும் என்ன! குண்டை எண்ணினேன், வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன். ஆறு ஞாயிறு அந்தத் தாளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தும் அது எனக்கு ஒரு வேலையாகவே படவில்லை.

மருமகள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். தாளில் இருந்ததில் பாதியை அள்ளினாள். பிறகு, "வேணாம், இது காத்துப் பட்டுடுச்சு" என்று அதை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக இன்னொரு முறை அரைத்தாள். மறுபடி அரை மணி நேரம். போன் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது, நான் சதவீதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை திறந்ததும் சூடாகவே பாட்டிலில் போட்டு மூடினாள். இப்போது கையில் இரண்டு தூள். மூடியது ஒன்று, தாளில் ஆறியது ஒன்று. இரண்டும் வெள்ளை. என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

எக்ஸ்ரே இயந்திரம் அடுத்த அறையில் இருந்தது. முதலில் மூடியதை வைத்தாள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. கோடு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. அவ்வளவுதான். தலையணை.

"இதுதான்! இதுதான் அக்கா எங்களுக்கு வர்றது!" என்று அவன் அங்கே குதித்தான்.

அடுத்து ஆறியது. கோடு ஊர்ந்தது. கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஊசி எழும்பியது பாருங்கள்! உச்சி வரைக்கும். நான் "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னொன்று. "ரெண்டு." அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று, நான்கு பக்கத்துப் பக்கத்தில். ஏழு ஊசி. ஏழும் இரண்டாம் உருவத்தின் இடங்களில்.

"தப்பா சொல்லிட்டேன் மாமா!" அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "இத்தனை நாளும் தப்பா சொல்லிட்டேன். அரைக்கிறதுல அது வரவே இல்லை. அரைச்சா குலையத்தான் செய்யுது. ஆறும்போதுதான் வருது! அரை மணி நேரத்துல, அந்தப் பேப்பர்ல!"

"அப்போ அத்தியாயம் தப்பா?" என்றேன். "எடுத்துடணுமா?"

"தப்பா இருந்துச்சு மாமா. இப்பத்தான் சரியாகுது."

ஆனால் கதை அத்தோடு தீரவில்லை. மறுநாள் அந்தப் பையன் அரைத்து, அவளைப் போலவே தாளில் பரப்பி, அரை மணி நேரம் ஆறவிட்டான். மேடு. ஒரு மணி நேரம் விட்டான். மேடு. சாயங்காலம் போன் செய்தான். "வரல அக்கா" என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் வீட்டு அடுப்பே அணைந்தது போல ஆனது. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அவள் போனைக் காதில் வைத்தபடி, கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஜீன்ஸ் போன வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கே தொங்கியது.

"தம்பி, உங்க ஊர்ல இப்ப ஜீன்ஸ் துவைச்சுப் போட்டா எவ்வளவு நேரத்துல காயும்?"

"ஜீன்ஸா?" அவன் குழம்பினான். "ரெண்டு மணி நேரம் ஆகும். ஏன்?"

"இங்க நாலு நாளா காயுது."

இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது, அந்தப் பாதிக்கே மயிர்க்கூச்செடுத்தது. வரிசை குலைந்த தூள் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் உள்ளே இளகும். இளகினால் மூலக்கூறுகள் நகர முடியும். நகர்ந்து மறுபடி வரிசையில் நிற்கும், ஆனால் பழைய வரிசைக்குப் போகாமல் முதலில் எது எளிதோ அதில் நின்றுவிடும். இங்கே கார்த்திகை மாதத்துக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். எங்கள் ஆய்வகத்து ஏசி வேறு ஓடாது, ஜன்னலைத் திறந்துதான் வைப்பார்கள். அங்கே உதடு வெடிக்கிற குளிர்காலம். தூளுக்குக் குடிக்க ஒன்றுமில்லை, அது அப்படியே கிடக்கும்.

"ஒரு மூடி போட்ட பெட்டியில கிண்ணத்துல தண்ணி வெச்சு, பக்கத்துல தூளைப் பரப்பி வை தம்பி" என்றாள்.

"தண்ணி மேல படாதே?"

"படக் கூடாது. காத்து ஈரமாகணும், அவ்வளவுதான்."

அன்றிரவு சாப்பாடு பெயருக்குத்தான். ஒன்பது மணிக்கு ஒரு படம் வந்தது. திரையைக் கைபேசியில் பிடித்து அனுப்பியிருந்தான், கோணலாக, அவசரத்தில். அவள் பெரிதாக்கினாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அவள் கத்திவிட்டாள். ஏழு ஊசி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கிண்ணம் தண்ணீருக்குப் பக்கத்தில். படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "உங்க ஊர் காத்தையும் முறையில எழுதிடுங்க அக்கா."

புதன்கிழமை கைடைப் பார்க்கப் போனாள். நானும் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அரைச்சதை ஆற வைக்கணும்னு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லல சார். சூடா இருந்துச்சு..."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். "நான் என் தீசிஸுக்கு அரைச்சப்பவும் ஆற வெச்சுதான் போட்டேன்" என்றார். "நல்லவேளை, அதை யாரும் இதுவரைக்கும் திரும்பப் பண்ணிப் பாக்கல."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் வெளுத்துத்தான் போயிருந்தார்.

"அஞ்சாவது இருக்கட்டும்" என்றார். "தலைப்பை மாத்து. அரைக்கிறதால வரிசை குலையுது, ஈரத்தால ரெண்டாவது உருவம் வருதுன்னு ரெண்டா பிரி. காத்துல எவ்வளவு ஈரம் இருந்தா எவ்வளவு நேரத்துல வருதுன்னு அளந்து போடு. மீட்டர் வாங்கித் தர்றேன். அந்தப் பெரியவருக்கு நானே எழுதறேன், உன் பேர்ல ஒரு பிசகும் இல்லைன்னு."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் வராந்தாவில் இரண்டு ஆய்வு மாணவிகள் நின்றுகொண்டிருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை போலிருக்கிறது. ஒருத்தி திருவாரூர்ப் பக்கம், இன்னொருத்தி நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பெண். அந்த நாகப்பட்டினத்துப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அரை மணி நேரத்துலயே மாறிடுமா?"

"என் மருந்து மாறிச்சு. உன்னோடது என்ன?"

"சக்கரை மருந்துக்கா. காலையில அரைச்சேன்." அவள் ஆய்வகத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னும் பேப்பர்லதான் கிடக்கு. ஃபேன் வேற போட்டு விட்டேன்."

"அடி பாவி!" என்றாள் திருவாரூர்க்காரி. "நானும்தான்டி!"

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார்கள். நான் மருமகளின் பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்வதற்குள் முதல் சாம்பிள் உள்ளே போயிருந்தது, இயந்திரத்தின் கதவு மூடியிருந்தது. திரைக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை. என் மருமகள் நடுவில் நின்று, "ஊசி வந்தாலும் பயப்படாதீங்கடி, வந்தா அது புதுக் கண்டுபிடிப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு இடப்பக்க ஓரத்திலிருந்து மெல்ல நகர ஆரம்பித்தது.